'அய்' எங்கே, 'எஸ்தா' எங்கே?

ஸ்பானிய மொழியில் வீட்டு அறைகளையும் வேலைகளையும் பற்றிக் காணொளி அழைப்பில் பேசிப் பழகியபோது, ஒரே பிழை ஒன்பது நாள்கள் என்னை விடவில்லை. 'அய்', 'எஸ்தா' இரண்டுக்கும் தமிழில் 'இருக்கிறது' என்றே பொருள். 'சமையலறையில் ஒரு துடைப்பம் இருக்கிறது' என்பதற்கு 'எஸ்தா உன எஸ்கோபா' என்பேன். எதிரே இருந்தவர் ஒவ்வொரு முறையும் 'அய் உன எஸ்கோபா' என்று திருத்துவார். ஆண்பால், பெண்பால் சிக்கலென்று எண்ணிச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தேன், பயனில்லை. 'இரு' என்னும் பொருள் தரும் 'செர்', 'எஸ்தார்' என்ற இரு வினைகளின் வேறுபாட்டைப் படித்தேன்; 'எஸ்தா' என்பது 'எஸ்தார்' வினையின் வடிவம். அதில் 'அய்' வரவேயில்லை.

பெருந்துறையில் எங்கள் வீட்டில் ஒரு நாள் காலை, "சீமாறு எங்க கண்ணு?" என்று அம்மா துடைப்பத்தைக் கேட்டார். "சீமாறு அட்டாலியில இருக்குதுங்ம்மா" என்றேன். அட்டாலி என்றால் பரண். அந்தச் சீமாறு இருவருக்கும் தெரிந்தது என்பதால்தான் சொல் முன்னே வந்தது. புதிதாக ஒன்றைச் சொல்வதானால் 'அட்டாலியில ஒரு சீமாறு இருக்குது' என்றே தொடங்கியிருப்பேன். தமிழ் சொல்வரிசையால் காட்டும் இவ்வேறுபாட்டை ஸ்பானியம் வினையால் காட்டுகிறது: தெரிந்த பொருளுக்கு 'லா எஸ்கோபா எஸ்தா', புதிய பொருளுக்கு 'அய் உன எஸ்கோபா'.

பலரும் கவனிக்காதது, பன்மையில் 'எஸ்தா' 'எஸ்தான்' ஆகும், 'அய்' மட்டும் மாறாது என்பது. அன்று மாலை ஆசாரத்து (கூடத்து) நாற்காலிகளை 'அய் தோஸ் சியாஸ்' (இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன) என்றேன், திருத்தம் வரவில்லை.