'தி பிரிசனர்' பார்க்கும்போது ரிமோட்டைக் கீழே வையுங்கள்

போன மாதம் என் மைத்துனருக்கும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேருக்கும் வீட்டில் 'தி பிரிசனர்' போட்டுக் காட்டினேன். 1967 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கி 1968 பிப்ரவரியில் முடிந்த 17 பகுதித் தொடர். வேலையை உதறிய உளவாளி ஒருவனை மயக்கித் தூக்கிக்கொண்டுபோய், எங்கே இருக்கிறதென்றே தெரியாத ஓர் அழகான ஊரில் அடைத்துவிடுகிறார்கள். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். பாட்ரிக் மெக்கூகன் நடித்த நாயகன் நம்பர் சிக்ஸ். ஊரை நடத்துகிறவர் நம்பர் டூ. ஏன் ராஜினாமா செய்தாய் என்று கேட்டுக் கேட்டுத்தான் அவனைக் குடைகிறார்கள்.

முதல் பகுதியை மூன்று பேரும் வாய் திறக்காமல் பார்த்தார்கள். இரண்டாவது பகுதியில் டைட்டில் தொடங்கி, இடி இடித்து, நாயகனின் கார் சாலையில் வந்ததுமே மைத்துனரின் கட்டைவிரல் ரிமோட்டில் அடுத்த காட்சிக்குத் தாவும் பொத்தானைத் தேடியது. "இதைத்தான் பார்த்தாச்சே மாமா."

இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அதே பொத்தானைத்தான் அழுத்தினேன். அதனால்தான், இந்தத் தொடரை முதல்முறை பார்க்கிறவர்கள் செய்யக்கூடாத தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

டைட்டிலைத் தாண்டிப் போவது

இந்தத் தொடரில் டைட்டில் என்பது வெறுமனே பெயர் போடுகிற இடம் இல்லை. சுமார் மூன்று நிமிடம், ரான் கிரெய்னரின் இசையோடு, முழுக் கதையும் பேச்சே இல்லாமல் ஓடுகிறது. லோட்டஸ் செவன் காரில் லண்டனுக்குள் வருகிறான். அலுவலகத்தில் மேசையைக் குத்துகிறான், கோப்பையும் தட்டும் எகிறுகின்றன. எங்கோ ஓர் இயந்திரம் அவன் புகைப்படத்தின் மேல் எக்ஸ், எக்ஸ் என்று தட்டி அடித்து, அதைக் கொண்டுபோய் ஓர் இழுப்பறையில் போடுகிறது. வீட்டில் பெட்டி கட்டும்போது சாவித்துவாரம் வழியாகப் புகை. கண் விழித்து ஜன்னலைத் திறந்தால், வேறு ஊர்.

அந்த மேசைக்குப் பின்னால் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் தொழில்முறை நடிகர் இல்லை. தொடரின் ஸ்கிரிப்ட் எடிட்டர் ஜார்ஜ் மார்க்ஸ்டீன். பிற்பாடு மெக்கூகனோடு ஒத்துப்போகாமல் தொடரை விட்டே விலகிப்போனார். ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொள்கிற மனிதரே ஒருநாள் எழுந்து போய்விட்டார் என்று தெரிந்த பிறகு, அந்தச் சில விநாடிகளை என்னால் பழையபடி பார்க்க முடிவதில்லை.

இரண்டாவது பகுதியிலிருந்து இதோடு ஓர் உரையாடலும் சேர்ந்துகொள்கிறது. நான் எங்கே இருக்கிறேன், உங்களுக்கு என்ன வேண்டும், நீ யார் என்று அவன் கேட்கிறான். பதில் சொல்பவர் அந்த வாரத்து நம்பர் டூ. ஏறக்குறைய ஒவ்வொரு பகுதிக்கும் அந்த நாற்காலியில் ஆள் மாறும். பல பகுதிகளில் புது ஆளின் முகமும் குரலும் நமக்கு முதலில் அறிமுகமாவது இங்கேதான். சிலவற்றில் குரல் மட்டும் வரும், முகத்தைக் காட்ட மாட்டார்கள். அப்படி மறைத்தால் உஷாராக இருங்கள். நான் தாண்டித் தாண்டிப் பார்த்ததால், பாதிப் பகுதியில் 'யார் இந்த ஆள்?' என்றே விழித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் கடைசிக் கேள்வி: நம்பர் ஒன் யார்? அதற்கு வரும் பதில் நான்கே சொல், 'யூ ஆர் நம்பர் சிக்ஸ்'. ஏற்கெனவே பார்த்தவர்கள், அந்த நான்கு சொல்லுக்கு நடுவில் குரல் எங்கே நிற்கலாம் என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதினான்காவது பகுதியான 'லிவிங் இன் ஹார்மனி'யில் இந்த டைட்டில் வராது. நேராகக் கௌபாய் படம். ஷெரீஃப் ஒருவன் பேட்ஜையும் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டு நடக்கிறான். மேசையைக் குத்திய அதே ராஜினாமாதான், வேறு வேஷத்தில். பதின்மூன்று தடவை டைட்டிலை உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். பொத்தானை அழுத்தியவர் டிஸ்க் மாறிவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்ப்பார். நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சிலிர்ப்பு முதல் தடவை மட்டுமே கிடைப்பது, எனக்கு அது போனது போனதுதான்.

கடைசிப் பகுதியான 'ஃபால் அவுட்'டின் தொடக்கத்தையும் தாண்டாதீர்கள். அந்த ஊர் வடக்கு வேல்ஸில் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய போர்ட்மெரியன் என்பதை, அதுவரை மூச்சுவிடாமல் இருந்துவிட்டு அங்கேதான் எழுத்தில் போட்டு நன்றி சொல்கிறார்கள்.

மண்டலம் பார்க்காமல் டிஸ்க் வாங்குவது

டிஸ்க்கின் மண்டலமும் பிளேயரின் மண்டலமும் பொருந்தாவிட்டால் படம் ஓடாது. பிரிட்டிஷ் ப்ளூ-ரேக்கள் பலவும் பி மண்டலம், இந்தியா சி. டிவிடியில் அங்கே 2, இங்கே 5. டிவிடி பிளேயரை எப்படியாவது எல்லா மண்டலத்துக்கும் திறந்துவிடலாம், ப்ளூ-ரே பிளேயர் அவ்வளவு எளிதில் மசியாது. லண்டனிலிருந்து வருகிறவரிடம் சொல்லி வாங்குவதற்கு முன்னால் உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தை அகலமாக இழுப்பது

வேண்டாம். பழைய டிவியின் அகல-உயரக் கணக்கு 4:3 என்றால் 4:3. இரண்டு பக்கமும் கறுப்பாகவே இருக்கட்டும்.

முதல் தடவையே வரிசையை மாற்றுவது

ஒளிபரப்பான வரிசை சரியில்லை என்பது உண்மை. எட்டாவதாக வரும் 'டான்ஸ் ஆஃப் தி டெட்'டில், தான் ஊருக்குப் புதுசு என்கிறான் நம்பர் சிக்ஸ். ஏழு பகுதி அடைபட்டுக் கிடந்தவன் பேசுகிற பேச்சா அது? அதைப் படம்பிடித்தது தொடக்கத்திலேயே. இப்படி ஓட்டைகள் இருப்பதால் ரசிகர்கள் ஆளுக்கொரு வரிசை வைத்திருக்கிறார்கள். சரி, இரண்டாவது தடவை அதை முன்னால் தள்ளிப் பாருங்கள், நன்றாகவே பொருந்தும். முதல் தடவை டிஸ்க்கில் இருக்கிறபடியே போகட்டும்.

'இவன் ஜான் டிரேக்தானே?'

மெக்கூகன் அதற்கு முன் 'டேஞ்சர் மேன்' தொடரில் ஏற்ற உளவாளிப் பாத்திரம்தான் டிரேக். அவனேதான் இவன் என்றார் மார்க்ஸ்டீன், இல்லவே இல்லை என்றார் மெக்கூகன். முதல் வாரத்திலேயே இந்தச் சண்டைக்குள் போகாதீர்கள்.

கடைசி இரண்டையும் வேறு வேறு நாளில் பார்ப்பது

'ஒன்ஸ் அப்பான் எ டைம்', 'ஃபால் அவுட்' இரண்டும் ஒரே கதை, ஒரே இரவில் பாருங்கள். ஆனால் முதலாவதைப் படம்பிடித்தது ஆரம்பக் கட்டத்தில், மற்றதை வெகுநாள் கழித்து. இடைப்பட்ட காலத்தில், இவற்றில் நம்பர் டூவாக நடித்த லியோ மெக்கெர்ன் தாடியையும் முடியையும் எடுத்துவிட்டார். அதைச் சரிக்கட்டத்தான் 'ஃபால் அவுட்'டில் அவருக்குச் சவரம் செய்கிற காட்சி. அடுத்தடுத்துப் பார்த்தபோது மைத்துனர்தான் அதை முதலில் கண்டுபிடித்தார். அன்று ரிமோட் என் பக்கத்தில் இருந்தது, அவர் கேட்கவும் இல்லை.