சபாக் மேசையில் செய்யக் கூடாத தவறுகள்

பச்சை ஏழு, சிவப்பு நான்கு, சிவப்பு மூன்று. சிவப்பு என்றால் மைனஸ்; கூட்டினால் பூஜ்யம். நண்பர் "சபாக்!" என்று கூவிச் சீட்டை விரித்தார். எதிரே இருந்தவர் கொஞ்சமும் அசரவில்லை. "பூஜ்யம் வந்தால் நீங்கள் அவுட். அபராதத்தை எடுத்து வையுங்கள்" என்றார். காபி ஆறிப்போகும் வரை வாக்குவாதம் ஓடியது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒருவர் ஒரு சபாக்கையும் இன்னொருவர் வேறொரு சபாக்கையும் மனத்தில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

'ஸ்டார் வார்ஸ்' கதைகளில் வரும் சூதாட்டம் சபாக். ஹான் சோலோ தன் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தை லாண்டோ கால்ரிசியனிடமிருந்து ஜெயித்தது இந்த ஆட்டத்தில்தான். இதைப் புதிதாகக் கற்க வருபவர்களின் முதல் தவறு, இதை ஒரே ஆட்டம் என்று நினைப்பது. ஒன்பதை இலக்காகக் கொண்ட பக்காரா என்ற சீட்டாட்டத்தின் சாயல் பெயரில் இருப்பதால் ஒன்பதை நோக்கிக் கூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அந்தச் சாயல் பெயரோடு சரி.

1983இல் எல். நீல் ஸ்மித் எழுதிய லாண்டோ நாவலில் விரிவாக வருவது பழைய சபாக். அதன் வழக்கமான கட்டில் 76 சீட்டுகள். நாணயம், குடுவை, வாள், கோல் என்று நான்கு இனங்கள். இனத்துக்கு 15 சீட்டு. மிச்சம் 16 படச்சீட்டுகள். இலக்கு 23, அல்லது மைனஸ் 23. அதைத் தாண்டினாலும் ஆட்டம் போச்சு, கூட்டுத்தொகை சரியாகப் பூஜ்யமானாலும் போச்சு. அதற்கு அபராதமும் உண்டு. 23ஐயே வெல்லும் ஒரு கை இருக்கிறது: பூஜ்ய மதிப்புள்ள 'முட்டாள்' சீட்டு, அதோடு ஒரே இனத்தில் இரண்டும் மூன்றும். இதைக் கூட்டி "ஐந்துதானே" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 0, 2, 3 என்று வரிசையாகப் படிக்க வேண்டும்.

கதையில் அந்தச் சீட்டுகள் மின்னணுச் சீட்டுகள். கையில் பிடித்திருக்கும்போதே மதிப்பு மாறிவிடும். மேசை நடுவில் உள்ள தடுப்புப் புலத்தில் வைத்தால் மதிப்பு அப்படியே நிற்கும், ஆனால் எல்லோர் கண்ணிலும் படும். மறைப்பதா, காப்பதா என்ற இந்தத் தவிப்புதான் பழைய ஆட்டத்தின் உயிர். நம் அட்டைச் சீட்டில் அது வராது.

2018இல் வெளிவந்த 'சோலோ' படத்தில் ஆடுவது கொரெல்லியன் ஸ்பைக் என்ற வகை. இன்று வீடுகளில் பெரும்பாலும் ஆடப்படுவதும் இதுதான். 62 சீட்டுகள், வட்டம், முக்கோணம், சதுரம் என மூன்று இனங்கள். ஒவ்வொன்றிலும் பச்சையில் 1 முதல் 10, சிவப்பில் மைனஸ் 1 முதல் மைனஸ் 10. இவற்றோடு இரண்டு பூஜ்யச் சீட்டுகள். இங்கே இலக்கே பூஜ்யம். பழைய ஆட்டத்தில் தலையை வாங்கிய எண் இங்கே கிரீடம்! ஆகவே சீட்டைக் கலைப்பதற்கு முன்பே "எந்த சபாக்?" என்று கேட்டுவிடுங்கள். எங்கள் காபி ஆறியது அதைக் கேட்காததால்தான்.

ரம்மி பழகிய கைகளுக்கு இந்த வகையில் ஒரு நோய் உண்டு: இனம் சேர்ப்பது, வரிசை சேர்ப்பது. முக்கோணம் நான்கு, ஐந்து, ஆறு கையில் வந்ததும் முகம் மலர்ந்துவிடும். மூன்றும் பச்சையாக இருந்தால் அது 15. பூஜ்யத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறீர்கள். சேர்க்கைகளுக்கு இங்கேயும் மதிப்பு உண்டுதான். ஆனால் இரண்டு பேருக்குப் பூஜ்யம் வந்து மோதும்போது மட்டுமே அதைப் பார்ப்பார்கள்.

அடுத்தது, சீட்டு எடுத்துக்கொண்டே இருப்பது. கட்டில் பச்சையும் சிவப்பும் சரிசமம் என்பதால், எடுக்க எடுக்கத் தானாகச் சமன் ஆகிவிடும் என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. சீட்டு கூடக் கூட, மொத்தம் பூஜ்யத்தைவிட்டு விலகி அலையும் தூரமும் கூடும். இரண்டே சீட்டில் கூட்டுத்தொகை இரண்டு என்றால் பேசாமல் நில்லுங்கள். அல்லது கழிவின் மேல் கிடக்கும் சீட்டு பொருந்துமென்றால் ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பகடையை மறப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆட்டத்தின் மூன்று சுற்றுகளில் ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டு பகடைகள் உருளும். இரண்டிலும் ஒரே முகம் விழுந்தால், எல்லோரும் கையில் உள்ளதை இறக்கிவிட்டு அதே எண்ணிக்கையில் புதுச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு முறை உருட்டும்போது இரட்டை விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. மூன்று முறையில் ஒரு தடவையாவது விழும் வாய்ப்பு 216இல் 91. அதாவது சுமார் 42 சதவீதம். முதல் சுற்றிலேயே இரண்டு பூஜ்யச் சீட்டும் வந்துவிட்டது என்று துள்ளி, இருப்பதையெல்லாம் பந்தயத்தில் கொட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் பந்தயம் வைக்கும்போது இந்த ஆபத்து 36இல் 11. மூன்றாவதில் ஆறில் ஒன்றுதான். பணத்தைக் கடைசிச் சுற்றுக்கு வைத்திருப்பதே புத்திசாலித்தனம். ஐந்து சீட்டு சேர்த்துவைத்தவருக்கு இரட்டை விழுந்தால் திரும்பவும் ஐந்து புதுச் சீட்டுகள் வரும். அதன் வேதனையை நான் அனுபவித்திருக்கிறேன்.

சமன் ஆகும்போதும் சண்டை வரும். ஒருவரிடம் 2, இன்னொருவரிடம் மைனஸ் 2 என்றால், பச்சைப் பக்கம் நிற்பவருக்கே வெற்றி.

2024இல் வந்த 'ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்' வீடியோ கேமில் இருப்பது கெஸ்ஸல் சபாக். கூட்டல் வேலையே இல்லை. மணல், இரத்தம் என்று இரண்டு கட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. இரண்டும் ஒரே எண்ணாக வேண்டும். இதில் பெரிய எண்தான் பெரிது என்று ஆறுக்கு ஆறு சேர்த்துவிட்டு மார்தட்டுவது வழக்கமான தவறு. சிறிய ஜோடிதான் உசத்தி. சீட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிப் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

விதிகளுக்கு வெளியே ஒரு தவறு, அதிர்ஷ்டத்தால்தான் ஃபால்கன் கைமாறியது என்று நம்புவது. 'சோலோ' படத்தில் முதல் ஆட்டத்தில் ஹான் தோற்கிறான், ஏனென்றால் லாண்டோவின் சட்டைக் கைக்குள் ஒரு சீட்டு ஒளிந்திருக்கிறது. கடைசி ஆட்டத்துக்கு முன் ஹான் அந்தச் சீட்டைச் சத்தமில்லாமல் உருவிவிடுகிறான். லாண்டோ கையை விட்டுத் தேடுகிறான்; ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, எங்கள் வீட்டில் முழுக்கைச் சட்டையோடு வருபவர் கையை முழங்கைவரை மடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.