புதியவரின் முதல் மாதக் கேள்விகளை வீணாக்காதீர்கள்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் வேலையைக் கற்றுக்கொள்ளுமாறு சொல்லும் நாம், அவர் கண்ணில் படுவதைக் கேட்டறிய மறந்துவிடுகிறோம். சேரும் நாளிலேயே ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, முதல் 30 நாட்களில் தமக்குப் புரியாதவை, தேவையற்றவை என்று தோன்றுபவை அனைத்தையும் அதில் எழுதிவரச் சொல்லுங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்து, பெரும்பாலான பொருள்களுக்கான மதிப்புக் கூட்டு வரி அதில் அடங்கிவிட்ட பிறகும், பழைய வரிக்கென வகுத்த பதிவேட்டை ஒரு கணக்குப் பிரிவு இன்னமும் நிரப்பிக்கொண்டிருந்தால், ‘இதை யார் பார்க்கிறார்கள்?’ என்று கேட்பவர் பெரும்பாலும் புதிய கணக்கராகவே இருப்பார். ஆண்டுக்கணக்கில் எழுதிக் கை பழகியவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

‘இங்கே அப்படித்தான்’ என்ற பதிலை மட்டும் அந்த மாதம் முழுவதும் யாரும் சொல்லக் கூடாது. மூத்தவர்களுக்கு இது சற்றுக் கடினம்தான். மாத இறுதியில் அரை மணி நேரம் ஒதுக்கி, குறிப்பேட்டை அவருடன் சேர்ந்து படியுங்கள். அவர் வியந்த பலவற்றுக்கு நியாயமான காரணம் இருக்கக்கூடும்; அக்காரணத்தையும் அவரையே எழுதிவைக்கச் செய்தால், அடுத்து வருபவருக்கான பயிற்சிக் குறிப்பு தனி உழைப்பின்றித் தயாராகிவிடும்.