தேயிலை மர எண்ணெய்: எதற்கு, எந்த அளவில், எப்படி

டீ ட்ரீ ஆயில் என்ற பெயரில் மருந்துக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் விற்கப்படும் தேயிலை மர எண்ணெய், நீலகிரி மலைச்சரிவுகளில் விளையும் தேயிலைச் செடியிலிருந்து எடுக்கப்படுவதன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வடகிழக்குக் கரையோரச் சதுப்பு நிலங்களில் இயற்கையாக வளரும் மெலலூக்கா ஆல்டெர்னிஃபோலியா என்னும் மரத்தின் இலைகளையும் இளங்கிளைகளையும் நீராவியால் வடித்து இதைப் பெறுகிறார்கள். தாவரக் குடும்பத்தில் இது யூகலிப்டஸுக்கும் நாவலுக்கும் உறவு. அப்பகுதியின் தொல்குடியினரான பண்ட்ஜலங் மக்கள் இம்மரத்தின் இலையைக் கசக்கி இருமலுக்கு முகர்ந்தும், புண்களுக்குப் பற்றுப் போட்டும் வந்துள்ளனர். 1920களில் சிட்னியில் பணியாற்றிய வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட், அக்காலத்தில் கிருமிநாசினிகளுக்கு அளவுகோலாக விளங்கிய கார்பாலிக் அமிலத்தைவிட இது பதினொரு மடங்கு வீரியமுள்ளது என்று அறிவித்த பிறகே மருத்துவ உலகம் இதன் பக்கம் திரும்பியது.

இந்த எண்ணெயில் ஏறத்தாழ நூறு வேதிப்பொருள்கள் கலந்திருந்தாலும், கிருமிகளை ஒடுக்கும் வேலையில் பெரும்பங்கு டெர்பினென்-4-ஆல் என்ற ஒன்றையே சாரும். அது நுண்ணுயிரின் செல்சவ்வுக்குள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது. சவ்வு ஓட்டையாகி உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து வெளியேற, செல்லின் மூச்சு தடைப்பட்டு அது மடிகிறது. சீழ்ப்புண்களுக்குக் காரணமான ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும், தோலைத் தாக்கும் பல பூஞ்சைகளும் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதச் செறிவிலேயே அடங்கிவிடுகின்றன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அவ்வளவு எளிதில் மசிவதில்லை. ஆயினும் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் கிடைக்கும் பலன் தோலின் மீது அப்படியே கிடைத்துவிடாது என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு நோய்க்கும் பலன் தரும் செறிவு வேறு. எனவே இதை நறுமண எண்ணெயாகக் கருதாமல், அளவறிந்து பூச வேண்டிய மருந்தாகவே கருத வேண்டும்.

வாங்கும்போது குப்பியில் தாவரப் பெயர் இருக்கிறதா, ஐஎஸ்ஓ 4730 என்ற தரக்குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். அத்தரத்தின்படி டெர்பினென்-4-ஆல் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும்; எண்ணெயிலுள்ள மற்றொரு பொருளான சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளைத்தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வைத்தால், நல்ல எண்ணெய் பெரும்பாலும் ஆவியாகிப் போகும்; பிசுபிசுப்பான கறை நின்றால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். வேறு மரங்களின் வடிநீர்மங்களைக் கலந்த போலியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான் வழி. எனவே அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் பெரிய குப்பியைவிட, பழுப்பு நிறக் கண்ணாடியில் வரும் 10 மி.லி. குப்பியே மேல்.

கலக்கும் கணக்கு எளியது. ஐந்து சதவீதம் என்றால், ஒன்பதரை மி.லி. அடிப்பொருளில் அரை மி.லி. எண்ணெய். ஒரு மி.லி.க்கு இருபது துளி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் குப்பியின் மூக்கைப் பொறுத்துத் துளியின் அளவு மாறும் என்பதால், ஊசி இல்லாத ஒரு மி.லி. சிரிஞ்சை மருந்துக் கடையில் வாங்கி அளப்பது நம்பகமானது. அடிப்பொருளாக ஜொஜோபா எண்ணெய், தேங்காய் எண்ணெய், வாசனை சேர்க்காத கிரீம் ஆகியவற்றில் ஏற்றதைக் கொள்ளலாம். தண்ணீரில் கலக்கவே கலக்காதீர்கள். வாளித் தண்ணீரில் பத்துத் துளி விட்டுப் பாருங்கள்: எண்ணெய் சிறு துளிகளாக மேலே மிதந்து நிற்கும், குளிக்கும்போது அந்தத் துளிகள் அப்படியே தோலில் ஒட்டிக்கொள்ள, எதிலும் கலக்காத எண்ணெயை நேரடியாகப் பூசியதற்கும் இதற்கும் வேறுபாடே இல்லாமல் போகும்.

முதன்முறை பூசும் முன், கலந்த மருந்தைக் குறைந்த செறிவில் முழங்கையின் உட்புறத்தில் காசளவு தடவி, இரண்டு நாள் கவனிக்க வேண்டும். சிவந்தாலோ, அரித்தாலோ, கொப்புளம் எழுந்தாலோ இந்த எண்ணெய் உங்களுக்கு உரியதன்று. ஒவ்வாமை முதல் நாளிலேயே தலைகாட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல வாரங்கள் பூசிய பிறகும் வரலாம்.

முகப்பருவுக்கு உரிய அளவு ஐந்து சதவீதம். ஆஸ்திரேலியாவில் 124 நோயாளிகளிடம் நடத்தி 1990இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஐந்து சதவீதத் தேயிலை மர எண்ணெய் ஜெல்லும் பருவுக்கு வழக்கமாகப் பூசும் பென்சாயில் பெராக்சைடு மருந்து அதே அளவிலும் ஒப்பிடப்பட்டன. இரண்டுமே பருக்களைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாகவே வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் அதில் குறைவு. ஆகவே பூசிய மறுவாரமே முகம் தெளியும் என்று எதிர்பார்க்காமல், இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் அடிப்பொருளாக வேண்டாம். அது பலருக்குத் தோல் துளைகளை அடைத்துப் பருவை அதிகமாக்கும். நீரில் கரையாத எண்ணெய் என்பதால் கற்றாழை ஜெல்லிலும் இது சீராகக் கலப்பது கடினம். இதற்கெனவே தயாரித்த ஜெல் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

மழைக்காலத்தில் நம்மவர் பலருக்கு வரும் சேற்றுப்புண்ணில்தான் செறிவின் வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. ஓர் ஆய்வில் பத்து சதவீதக் கிரீம் விரல் இடுக்கின் அரிப்பையும் செதிலையும் தணித்ததே தவிர, பூஞ்சையை ஒழிப்பதில் வெறும் கிரீமைவிடச் சிறப்பாக இல்லை. 2002இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 25, 50 சதவீதக் கரைசல்களை நான்கு வாரம் பூசியவர்களில் ஏறத்தாழ 64 சதவீதத்தினருக்குப் பூஞ்சை நீங்கியது. ஒப்பீட்டுக்காக எண்ணெய் சேர்க்காத கரைசலைப் பூசியவர்களில் அது 31 சதவீதம். ஆனால் அந்த வீரியத்தில் சிலருக்குத் தோல் அழற்சி வந்து நிறுத்த நேர்ந்ததும் உண்மை. இதையெல்லாம் சீர்தூக்கினால், சேற்றுப்புண்ணுக்கு முதலில் டெர்பினஃபின் அல்லது குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பைப் பூசுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அவை விலை மலிவு, பலனும் உறுதி. அவை ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள், வெடிப்போ ரணமோ இல்லாத தோலில் மட்டும், 25 சதவீதக் கரைசலை நாளுக்கு இருமுறை பூசலாம். காலைக் கழுவியதும் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி நன்கு உலர்த்திய பிறகே பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசும் எந்த மருந்தும் வீண். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் புண்ணில் எந்தக் கைவைத்தியமும் செய்யாமல் மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

இடுப்பிலும் தொடையிலும் பரவும் படர்தாமரைக்கு இந்த எண்ணெயை நம்ப வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கண்டபடி பூசியதன் விளைவாக, இந்தியாவில் இன்று காணும் படர்தாமரை வழக்கமான மருந்துகளுக்கே எளிதில் அடங்குவதில்லை.

பொடுகுக்கு ஐந்து சதவீத ஷாம்பூ பயன்படும். நான்கு வாரச் சோதனையொன்றில் அதைத் தேய்த்தவர்களுக்குப் பொடுகு 41 சதவீதம் குறைந்தது. வெறும் ஷாம்பூ தேய்த்தவர்களுக்கு 11 சதவீதம். தலையில் தேய்த்து மூன்று நிமிடம் ஊறவிட்டுப் பிறகு அலச வேண்டும். தேங்காய் எண்ணெயில் கலந்து இரவெல்லாம் தலையில் ஊறவைப்பது நம் வழக்கத்துக்கு இசைவாகத் தோன்றினாலும், பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்ற பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்றே வாழ்வது. அதற்கு நாமே விருந்து வைப்பானேன்?

நகப் பூஞ்சைக்கு ஆறு மாதம் பூசியும் குணமடைவோர் சிலரே. அதற்கு மருத்துவரை அணுகுவதே வழி.

திறந்த குப்பிக்குள் காற்றும் வெளிச்சமும் படப்பட எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது உருவாகும் பெராக்சைடுகளும் பிற பொருள்களுமே ஒவ்வாமையைக் கூடுதலாகத் தூண்டுகின்றன. மூடியை இறுக்கி, குளிர்ந்த இருட்டான இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவாக வையுங்கள். இது எளிதில் தீப்பற்றும். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி ஒட்டி, ஓராண்டுக்குள் தீர்க்கப் பாருங்கள். கற்பூரச் சாயலான மணம் மாறி டர்பன்டைன் நெடி ஏறினால், தேதி எதுவாக இருந்தாலும் தோலுக்கு அது ஆகாது.

கண்ணிலும், காதுக்குள்ளும், வாய்க்குள்ளும் விடக் கூடாது. தீக்காயத்தில் பூசக் கூடாது. பூனை, நாய் ஆகியவற்றின் உண்ணிக்கு இதைத் தடவுவோர் உண்டு. கலக்காத எண்ணெய் பட்ட விலங்குகளுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வந்து, சில இறந்தும் உள்ளன. குழந்தைகள் பத்து மி.லி.க்கும் குறைவாக விழுங்கியதிலேயே மயக்கமும் நடை தடுமாற்றமும் நேர்ந்துள்ளன. யாரேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்பதை மருத்துவர் கணிக்க உதவும் என்பதால் குப்பியையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.