வால்பாறைக்கு ஒரு நாள் போதாது

கோவையில் வந்து இறங்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள் பலரும், காலையில் கிளம்பி இரவே திரும்பிவிடலாம் என்றுதான் வால்பாறைக்குத் திட்டம் போடுகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்டில் பிள்ளைகள் வாந்தி எடுத்து ஓய்வதற்குள் மதியமாகிவிடும். காட்டு உயிர்கள் நடமாடுவதோ காலையிலும் மாலையிலும். இரண்டு இரவாவது தங்குங்கள். இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) கேட்கிறார்கள், அதைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒன்பதாவது வளைவில் நிறுத்திப் பாறைச் சரிவைப் பாருங்கள், வரையாடுகள் நிற்கக்கூடும்.

மேலே போனதும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். "மழைக்காடு எங்கே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. நடுவிலிருந்த காட்டைத்தான் ஆங்கிலேயர் காலத்தில் வெட்டித் தோட்டமாக்கினார்கள். வெட்டாமல் விட்ட சோலைகள் எஸ்டேட்டுகளுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. சிதைந்த துண்டுகளில் நாட்டு மரங்களை நட்டு மீட்கும் வேலை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

அப்படி ஒரு துண்டுதான் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் புதுத்தோட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சோலைமந்தியை இங்கே சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம், கட்டணமும் இல்லை. மரத்திலேயே வாழ்ந்து பழகிய குரங்கு இது. சாலை காட்டைப் பிளந்ததால் தரையிறங்கி வண்டிகளில் அடிபட்டது. அதற்காகத்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகளைக் கண்காணிக்கும் காவலர் கை காட்டினால் வண்டியை நிறுத்துங்கள். பிஸ்கட் மட்டும் வேண்டவே வேண்டாம். "ஒண்ணே ஒண்ணுதானே" என்று சித்தப்பா சொல்வார், விடாதீர்கள். கொடுத்துப் பழக்கினால் அது மறுபடி சாலைக்குத்தான் வரும்.

இருவாச்சி பார்க்க ஆசையென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். கூட்டுக்கு அருகே போகாதீர்கள். தொலைநோக்கியை ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அட்டையும்தான். கணுக்காலில் உப்பு தடவிக்கொண்டால் ஓரளவு தப்பலாம்.

இருட்டிய பிறகு நடை வேண்டாம். இங்கே சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். தோட்டத் தொழிலாளர்களுக்காக வைத்த ஏற்பாடு அது, உங்களுக்கும் உதவும்.

இதே புலிகள் காப்பகத்திலுள்ள டாப்சிலிப்பையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் மீண்டும் கீழிறங்கி, சேத்துமடை வழியாக ஏற வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே காட்டுக்குள் போவது வனத்துறை வண்டியில்தான். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தால் கையில் வைத்திருங்கள், நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு உள்ளதுதான். மளுக்கப்பாறை வழியாகக் கேரளத்தின் அதிரப்பள்ளி அருவிக்கு இறங்குவதாக இருந்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மாலையில் சோதனைச்சாவடியை மூடிவிடுவார்கள்.