கள்ளியிலும் வீட்டுச் செடியிலும் செதில் பூச்சியை ஒழிப்பது எப்படி?

கள்ளியின் முள்ளைச் சுற்றி வெள்ளை, சாம்பல் பொட்டுகள். ரப்பர் செடி இலையின் நடுநரம்பு ஓரம் பழுப்பு மேடுகள். தழும்பு என்று விட்டுவிடாமல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தழும்பு பெயராது, செடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சி பெயர்ந்து வந்துவிடும்.

இதில் இரண்டு வகை. மென்செதில் இனிப்பான கழிவை வெளியேற்றும். அதனால் இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும், கரும்பூசணம் படரும். ஓட்டுச் செதிலில் பிசுபிசுப்பே இராது. ஓடு தனியாகக் கழன்று வரும், பூச்சி அடியிலேயே ஒட்டியிருக்கும். கள்ளியில் பொட்டுப் பொட்டாகத் தெரிவது பெரும்பாலும் இதுதான். சப்பாத்திக்கள்ளியில் பஞ்சு போல இருந்து, நசுக்கினால் ரத்தச் சிவப்பாகக் கசிவது வேறு பூச்சி: சாயத்துக்குப் பேர்போன கோச்சினீலின் இனம்.

மருந்து அடித்தும் போகவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஓட்டின் மேலேயே அடித்திருப்பார்கள். ஓடு மருந்தை உள்ளே விடாது, அடியிலிருக்கும் முட்டைக்கும் அதுதான் கவசம். ஆகவே முதல் வேலை சுரண்டுவது.

செடியைத் தனியே எடுத்து வையுங்கள். மண்ணை பிளாஸ்டிக் தாளால் மூடி, தொட்டியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுரண்டுவதெல்லாம் மண்ணில் விழும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70% ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது பட்ஸை நனைத்து, ஒவ்வொரு பொட்டின் மேலும் சில நொடி வைத்துத் துடைத்தெடுங்கள். கள்ளியின் வரிப்பள்ளங்களுக்குப் பழைய மென்மையான டூத் பிரஷ் தோதானது. தண்டு மண்ணைத் தொடும் இடத்துக்குச் சற்றுக் கீழேயும் கிளறிப் பாருங்கள், அங்கேயும் ஒளிந்திருக்கும். முடித்ததும் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

அடுத்து வேப்பெண்ணெய். 5 மில்லி வேப்பெண்ணெயில் 2 மில்லி திரவ சோப்பை முதலில் குழைத்து, பிறகு 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். வரிசை மாறினால் எண்ணெய் மேலே மிதக்கும். மிதக்கும் எண்ணெய் இலையைக் கருக்கும். அடிக்கும்போது குலுக்கிக்கொண்டே இருங்கள், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடித்து, இரண்டு மூன்று நாள் நேர்வெயில் படாமல் வையுங்கள்.

நீலச்சாம்பல் மெழுகு பூத்த கள்ளிகளுக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். அந்த மெழுகுப் பூச்சு போனால் அதே இடத்தில் திரும்ப வராது, தோல் வெயிலில் கருகும். பூச்சி இருக்கும் புள்ளியில் மட்டும் ஆல்கஹால் பட்ஸ் போதும். ஃபெர்ன் போன்ற மென்மையான இலைகளில் ஒரு இலையில் பூசி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

ஒரு தடவையோடு நிறுத்தினால் பட்ட பாடு வீண். முட்டை பொரிந்து வரும் குஞ்சுகள் ஊசிமுனை அளவே இருக்கும், கொஞ்சம் ஊர்ந்து போய் ஒட்டிக்கொள்ளும். ஓடு முற்றாத அந்தப் பருவத்தில்தான் மருந்து பிடிக்கும். 7 முதல் 10 நாளைக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு தடவை அடியுங்கள். தண்டில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றிவிட்டால் ஊரும் குஞ்சுகள் அதில் சிக்கும். டேப்பில் குஞ்சு எதுவும் சிக்காத நிலை வரும்வரை நிறுத்த வேண்டாம்.

செத்த ஓடுகள் தானாக உதிராது. நசுக்கினால் சாறு கசிந்தால் உயிர் இருக்கிறது, பொடியாக உதிர்ந்தால் செத்துவிட்டது.

வேருக்கு ஊற்றும் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து மென்செதிலுக்குக் கேட்கும், ஓட்டுச் செதிலுக்கு அவ்வளவாகக் கேட்காது. மருந்து ஏறும் சாற்றுக்குழாயில் அது வாய் வைப்பதில்லை, அக்கம்பக்கத்துத் திசுக்களையே உறிஞ்சுகிறது. காய், கீரை வைத்திருக்கும் தொட்டியில் இந்த மருந்தே கூடாது.

எறும்பையும் தடுங்கள். இனிப்புக்காக அது செதிலைத் தின்னும் பொறிவண்டுகளை விரட்டி மென்செதிலைக் காக்கும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே, நனையாதபடி கல் மேல் வைத்தால் போதும்.

அடிமுதல் நுனிவரை மூடிவிட்ட கள்ளியில் சுத்தமான நுனி இருந்தால் வெட்டி, வெட்டுவாய் நன்றாகக் காயும்வரை ஓரிரு வாரம் நிழலில் வைத்து, புது மண்ணில் நடுங்கள். மீதியை உரக்குழியில் போடாமல் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.