கேம் ஆக்டிவேட் ஆகலையா? கீயைத் தொடும் முன் அக்கவுண்டைப் பாருங்கள்

சொந்தபந்தத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் பஞ்சாயத்து என் தலையில்தான் வந்து விடியும். அதில் பாதி, புதிதாக கேம் வாங்கிய பையன்களுடையது. "மாமா, காசு கட்டியாச்சு, கீயும் வந்துடுச்சு, ஆனா எடுக்க மாட்டேங்குது" என்பார்கள். கீ என்றால் கேமை வாங்கியவருக்குத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த கோடு. திரையில் என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றால், "ஏதோ எரர் மாமா, க்ளோஸ் பண்ணிட்டேன்" என்று பதில் வரும். எரரை மூடவே மூடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாதி வைத்தியம் அந்த இரண்டு வரியிலேயே இருக்கிறது.

அடுத்து, கீயை மறுபடி மறுபடி அடித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். தப்புத் தப்பாகப் பலமுறை போட்டால், கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் உங்களைக் கொஞ்ச நேரம் தள்ளி உட்கார வைத்துவிடும். அந்த நேரத்தில் சரியான கீயைப் போட்டாலும் ஏற்காது. ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு வருவதுதான் வழி. நடுவில் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தட்டிப் பார்க்கக் கூடாது.

அந்த ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டியது, எந்த அக்கவுண்டில் உள்ளே இருக்கிறீர்கள் என்பதை. என்னிடம் வரும் கேஸ்களில் அதிகம் இதுதான். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அண்ணனும் தம்பியும் மாறி மாறி உட்காருகிறார்கள். தம்பி வாங்கிய கீ, அண்ணன் லாகின் செய்து வைத்திருந்த ஸ்டீமில் போய் ஒட்டிக்கொள்கிறது. கீ எந்த அக்கவுண்டில் ஏறுகிறதோ அங்கேயேதான் இருக்கும். கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது. எனவே கீயைப் போடும் முன் ஸ்டீமின் வலது மேல் மூலையில் இருக்கும் பெயரைப் படியுங்கள். உங்கள் பெயர்தானா? அப்புறம் மேலே கேம்ஸ் மெனுவைத் திறந்து, ஆக்டிவேட் எ ப்ராடக்ட் என்பதை அழுத்துங்கள். கீ போடும் இடம் அதுதான். கடையின் தேடல் பெட்டியில் கீயை ஒட்டிவிட்டு "கேமே இல்லையாம்" என்று சொன்னவர்களும் உண்டு.

மைக்ரோசாஃப்ட் பக்கம் இது இன்னும் குழப்பம். எக்ஸ்பாக்ஸ் ஆப்பில் ஒரு மெயில், ஸ்டோர் ஆப்பில் வேறொரு மெயில் என்று இரண்டு அக்கவுண்ட் ஒரே சமயத்தில் உள்ளே இருக்கலாம். கேம் ஒன்றில் வாங்கப்பட்டிருக்கும், மற்றது "உங்களிடம் இல்லை, வாங்குங்கள்" என்று பட்டனைக் காட்டும். இரண்டையும் ஒரே அக்கவுண்டுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்த கேள்வி, கீ எந்தக் கடைக்கு உரியது என்பது. அட்டைப்பெட்டியிலோ மெயிலிலோ "பிசி" என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பிசி என்பதற்குள் ஸ்டீம், எபிக், இஏ, யுபிசாஃப்ட், மைக்ரோசாஃப்ட் என்று ஐந்தாறு கதவு இருக்கிறது. ஒன்றின் சாவி இன்னொன்றில் நுழையாது. எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்: ஸ்டீம் கீ பெரும்பாலும் ஐந்தைந்தாக மூன்று தொகுதி, மொத்தம் 15. மைக்ரோசாஃப்ட் கோடு ஐந்தைந்தாக ஐந்து தொகுதி, மொத்தம் 25. பெட்டியைத் திறந்தால் டிஸ்க்கே இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் இருந்தால் பதற வேண்டாம், இப்போது பல பெட்டிகளில் அவ்வளவுதான் இருக்கும். கேம் முழுக்க டவுன்லோடில்தான் வரும்.

ஆன்லைனில் கீ விற்கும் தளங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒன்று. கீயைக் காட்டும் பட்டனை அழுத்தும் முன், அது எந்தக் கடைக்கானது, எந்த நாடுகளில் செல்லும் என்ற வரியைப் படித்துவிடுங்கள். கீ கண்ணில் பட்டுவிட்டால் பல இடங்களில் பணம் திரும்ப வராது. ஸ்டீமிலேயே நேராக வாங்கியது என்றால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். வெளியில் வாங்கிய கீக்கு இந்தச் சலுகை இல்லை. விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது எரருக்கு வருவோம். கீ செல்லாது என்று வந்தால் முதலில் எழுத்துகளைச் சந்தேகப்படுங்கள். பூஜ்யமும் ஓவும், எட்டும் பியும், ஐந்தும் எஸ்ஸும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் கோடில் ஆங்கில உயிரெழுத்துகளும் பூஜ்யம், ஒன்று, ஐந்து ஆகிய எண்களும் வரவே வராது, அதனால் அங்கே ஓவா பூஜ்யமா என்று குழம்பினால் நீங்கள் பார்ப்பது இரண்டுமே இல்லை. மெயிலிலிருந்து காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு இடைவெளியும் சேர்ந்து வந்திருக்கலாம், அதையும் அழித்துவிட்டுப் பாருங்கள்.

"ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது" என்று வந்தால் அது நல்ல செய்தி. ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டான். உண்மையில் முதல் தடவை அழுத்தியபோதே கேம் ஏறிவிட்டது. நெட் விட்டு விட்டு வந்ததால் பதில் திரைக்கு வரவில்லை. லைப்ரரியிலும் காணோமே என்றான். அவனுடைய லைப்ரரிப் பட்டியலின் மேலே, ஆடத் தயாராக இருப்பதை மட்டும் காட்டு என்ற சின்ன முக்கோணப் பட்டன் அழுந்தி இருந்தது. இன்ஸ்டால் செய்யாத கேம் எதுவும் கண்ணில் படாது. அதை எடுத்துவிட்டதும் பெயர் வந்து நின்றது.

"வேறு அக்கவுண்டில் பயன்படுத்தப்பட்டது" என்பது தனி. அண்ணன் தம்பி அக்கவுண்ட்களையும், நீங்களே மறந்துபோன பழைய அக்கவுண்டையும் முதலில் தேடுங்கள். எங்கும் இல்லை என்றால் விற்றவர் ஒரே கீயை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார். "இந்த நாட்டில் கிடைக்காது" என்றால் கீ வேறு பிராந்தியத்துக்குரியது. வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் விபிஎன் போட்டுத் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அது ஸ்டீமின் விதிக்கு எதிரானது, ஒரு கேமுக்காக மொத்த அக்கவுண்டையும் பணயம் வைக்கிற வேலை. "வேறொரு கேம் தேவை" என்று வந்தால் நீங்கள் வாங்கியது மூலக் கேம் அல்ல, அதன் கூடுதல் பகுதி.

சில சமயம் ஆக்டிவேட் ஆகிவிடும், ஆட்டம்தான் திறக்காது. ஸ்டீமில் வாங்கியிருப்பீர்கள், ப்ளே அழுத்தினால் இஏ, யுபிசாஃப்ட் என்று இன்னொரு லாஞ்சர் (கேமைத் திறக்கும் ஆப்) எழுந்து வந்து அதற்கும் லாகின் கேட்கும். அவசரத்தில் கையில் கிடைத்த மெயிலைப் போட்டு இணைத்துவிடாதீர்கள். இரண்டு கடை அக்கவுண்ட்களும் ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிடும்; பிறகு பிரிக்க சப்போர்ட் வாசலில் நிற்க வேண்டும். முன்பதிவு செய்த கேம் என்றால் டவுன்லோட் முடிந்திருந்தாலும் வெளியாகும் நேரம் வரை பூட்டியேதான் இருக்கும். டெனுவோ என்ற பாதுகாப்புப் போட்ட கேம்களில் பெரும்பாலும் 24 மணி நேரத்தில் ஐந்து கம்ப்யூட்டருக்கு மேல் அனுமதி இல்லை. லினக்ஸில் ஆடுபவர்கள், விண்டோஸ் கேமை அங்கே ஓட்டித் தரும் ப்ரோட்டானின் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் புதுக் கம்ப்யூட்டராகக் கணக்கில் ஏறிவிடும். ஒரு நாள் பொறுத்தால் தானாகச் சரியாகும்.

லாகினே ஆகவில்லை, சர்வர் கிடைக்கவில்லை என்று வந்தால் ஆன்டிவைரஸைத் திட்டும் முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி செத்துப்போனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் உங்கள் கம்ப்யூட்டர் கணக்கில் செல்லாததாகிவிடும், இணைப்பே நடக்காது. தேதியைச் சரிசெய்து, பேட்டரியை மாற்றினால் போதும்.

பழைய டிஸ்க் வாங்குபவர்கள் வேறு ரகம். 2008இல் வந்த ஸ்போர் என்ற கேம், செக்யூரோம் என்ற காப்பித் தடுப்புப் பாதுகாப்போடு முதலில் மூன்று ஆக்டிவேஷன்தான் கொடுத்தது. கூச்சல் கிளம்பிய பிறகு ஐந்தாக்கினார்கள். இப்படி எண்ணிக்கை வைத்த பழைய கேமை செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முந்தையவர் எல்லாவற்றையும் தீர்த்திருக்கக்கூடும். சேஃப்டிஸ்க் என்ற பழைய டிஸ்க் பாதுகாப்புப் போட்ட கேம்கள் 2015இல் வந்த விண்டோஸ் 10இல் ஓடவே ஓடாது, கீ சரியாக இருந்தாலும். அதே கேம் ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் இருக்கிறதா என்று பாருங்கள்; அங்கே பூட்டும் இல்லை சாவியும் இல்லை. ஞாபகத்துக்காக டிஸ்க்கை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

ரொம்ப மலிவாகக் கிடைத்த கீ சில வாரம் ஓடிவிட்டு லைப்ரரியிலிருந்து காணாமல் போவதும் நடக்கும். 2015 ஜனவரியில் யுபிசாஃப்ட், மோசடியாக வாங்கி மறுவிற்பனை செய்யப்பட்டவை என்று சொல்லி ஃபார் க்ரை 4 உள்ளிட்ட கேம்களின் கீக்களை ரத்து செய்தது. ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்தவர்களுக்கு மட்டும் பிறகு திருப்பித் தந்தார்கள். எல்லா முறையும் அந்த மனசு வரும் என்று நம்ப வேண்டாம்.

எதுவும் நடக்கவில்லை என்றால், கடையில் நேராக வாங்கியதற்குக் கடையின் சப்போர்ட், கீயாக வாங்கியதற்கு விற்றவர். "கேம் வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று எழுதினால் அவர்கள் விவரம் கேட்டே நாலு நாள் ஓட்டுவார்கள். முதல் மெயிலிலேயே ஆர்டர் எண், வாங்கிய தேதி, பணம் கட்டிய ரசீது, அக்கவுண்ட் பெயர், எரர் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள். பெட்டியில் அச்சடித்து வந்த கீ என்றால், அந்தச் சீட்டில் டிக்கெட் எண்ணை (உங்கள் புகாருக்கு அவர்கள் தரும் எண்)ப் பேனாவால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது ஸ்டீம் சப்போர்ட்டில் வழக்கம், அதனால் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். பாஸ்வேர்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், கீயின் படத்தை நண்பர்கள் குழுவில் போடவும் வேண்டாம். பதில் வரும்வரை அதே கீயை வேறு யாருடைய அக்கவுண்டிலும் "சும்மா" போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே ஏறிக்கொண்டால் கேம் அவருக்கு.